ஏரிக்குப் போன முப்பத்தாறு உருப்படி

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி பழையபடிதான். வலி அவளுக்கு, அதைப் பற்றிய பேச்சு எனக்கு. நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் சுகமாயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறை முழுக்க அந்த இரண்டு அறை வீட்டுக்குள் வெந்துகொண்டு கிடக்கப் போகிறீர்களா? மலைமேல் ஏரிக்கரையில் ஒரு முகாம் இருக்கிறது. கயிறு, விளக்கு, துடுப்பு எல்லாம் நம் கடையில்தான் எடுக்கிறார்கள். மரக் குடில்கள், தகரக் கூரை. மின்சாரம் இல்லை, போன் இல்லை. வாரத்துக்கு இரண்டு தரம் அடிவாரத்திலிருந்து ஒரு ஜீப் சாமானும் தபாலும் கொண்டுபோகும். முகாம்காரர் எனக்கு வேண்டியவர். தண்ணீரை ஒட்டினாற்போல் இருக்கும் கடைசிக் குடிலை உங்களுக்கென்று பிடித்து வைத்துவிட்டேன். ஏப்ரல் நடுவில் போனால் மே முடிந்து இறங்கலாம்.

வாலுவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று சாக்குச் சொல்லாதே. ஏழு வயதுப் பெண் வாளித் தண்ணீரைப் பார்த்து ஊரைக் கூட்டலாமா? அதற்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. இந்த வருஷம் முகாமுக்கு முப்பத்தாறு லைஃப் ஜாக்கெட் நான்தான் அனுப்புகிறேன். நம் மெத்தைக்காரர் தைக்கிறார். "வியாபாரி வாய்க்கு வரி கிடையாது" என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். மூட்டைக்கு ஒன்று எடுத்து நனைத்து, இழுத்து, அடித்துப் பார்க்காமல் என் கடையிலிருந்து ஒரு முழம் கயிறு போனதில்லை. இருபது வருஷமாக என் பெயர் நிற்பது அதில்தான்.

சீசனுக்கு முன்னால் சரக்கு வேண்டும் என்று முகாம்காரர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். அதனால் மெத்தைக்காரர் பட்டறையிலிருந்து வண்டியை நேரே மலைக்கே விட்டுவிட்டேன். இறக்கி ஏற்றுகிற ஒரு நாள் மிச்சம்.

போய் வாருங்கள். போனதும் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் ரத்தக்கொதிப்பும் அண்ணியின் முழங்காலும் எப்படி?

வந்து ஐந்து நாளாகிறது. நீ சொன்னது அத்தனையும் உண்மை, ஒன்றைத் தவிர. தகரக் கூரை ஒழுகும் என்று நீ சொல்லவில்லை. இவர் குடத்தை வைத்துப் பிடித்துவிட்டு, "உங்க அண்ணன் கடைல தண்ணிக்குத் தனி ரேட்டா?" என்கிறார். மற்றபடி சொர்க்கம். குடிலின் பின்படியிலிருந்து பத்து எட்டில் பலகைத் துறை. அதில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் குளிர் எலும்புவரை ஏறுகிறது. எதிர்க்கரை மரங்கள் தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. துறையை விட்டு நாலு எட்டு போனால் ஆழம். அதற்கப்புறம் தண்ணீர் கறுப்பு.

வாலு முதல் மூன்று நாள் துறைப் பக்கமே வரவில்லை. மற்றப் பிள்ளைகள் உன் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குதிப்பதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். நாலாம் நாள் என்னிடம் வந்தாள்.

"அது மாமா குடுத்ததாம்மா?"

"ஆமாடி."

"அப்ப மூழ்காதா?"

"மூழ்காது."

"மாமா சொன்னாரா?"

"மாமாதான் சொன்னார்."

போய் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டாள் அண்ணா! கார்க் மாதிரி மேலே வந்தாள். குளிர் தாங்காமல் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறாள், உடம்பு காய்ந்ததும் காய்ந்த ஜாக்கெட் வேறொன்றை மாட்டிக்கொண்டு மறுபடி குதிக்கிறாள். ஏழு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் செய்ய முடியாததை உன் சரக்கு செய்துவிட்டது.

ஜாக்கெட் காயத்தான் இரண்டு நாள் ஆகிறது. நனைந்தால் கல் மாதிரி கனம். நல்ல சரக்கு என்று அந்தக் கனத்திலேயே தெரிகிறது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தங்கை


ஏப்ரல் 28

நண்பர் மெத்தைக்காரருக்கு,

வீட்டில் எல்லோரும் சுகந்தானே. உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முப்பத்தாறு போக அதிகமாகத் தைத்திருந்த நாலு லைஃப் ஜாக்கெட்டை உங்கள் வண்டி நேற்று கடையில் போட்டுவிட்டுப் போனது. கை சும்மா இருக்கவில்லை. ஒன்றில் நாலு கிலோ ஆணிப் பொட்டலத்தைக் கட்டிக் கடைப் பின்புறத் தொட்டியில் விட்டேன். ஜம்மென்று மிதந்தது. உங்களை மனசுக்குள் பாராட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் தொட்டியில் ஜாக்கெட்டே இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஆட்களைச் சத்தம் போட்டேன். அடியில் கிடந்தது.

தையலைப் பிரித்தேன். தண்ணீர் குடிக்காத ஃபோம் அட்டை இருக்க வேண்டிய இடத்தில் மெத்தைக்கு வைக்கிற ஸ்பாஞ்சு. பிழிந்தேன். அரை வாளி தண்ணீர். மற்ற மூன்றையும் பிரித்தேன். மூன்றும் அதே.

மலைக்குப் போன முப்பத்தாறிலும் இதுதானா? ஒரு வரி பதில் போதும், வண்டியிலேயே கொடுத்தனுப்புங்கள். யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். இந்த முகாம்காரர் முகம் சுளித்தால் ஏரியைச் சுற்றி இருக்கிற ஏழு முகாமும் எனக்குப் போச்சு. சத்தமில்லாமல் நான் சரிக்கட்டிக்கொள்கிறேன்.

என் தங்கை மகள் அதைத்தான் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இருக்கிறாள். இந்த வரியை மூன்று தரம் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

தங்கள் நண்பன்


ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்து அளவில்லாத சந்தோஷம்.

சந்தோஷம் ஒருபக்கம் இருக்கட்டும், வாலுவைத் தண்ணீரில் இறக்காதே. மலைத் தண்ணீர் குளிர்ச்சி. காதில் போனால் சீழ் வைக்கும் என்று நம் டாக்டர் சொல்கிறார். ஏரி அடியில் கொடி இருக்கும், காலைச் சுற்றும். அண்ணி வேறு நேற்று ஒரு கெட்ட கனவு கண்டு காலையிலிருந்து முகம் சரியில்லை. கரையில் விளையாட எவ்வளவோ இருக்கிறது. மாப்பிள்ளை பூகோள வாத்தியார்தானே, கல்லும் மண்ணும் காட்டிப் பாடம் நடத்தச் சொல்.

முகாம்காரருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அந்த ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்துகிறது, முப்பத்தாறையும் கட்டித் திருப்பி அனுப்பினால் நல்ல நீலத்தில் மாற்றித் தருகிறேன் என்று. சும்மா ஒரு வியாபார விஷயம்.

நான் சொன்னதைக் கேள். உடனே பதில் போடு.

அண்ணன்


ஏப்ரல் 30

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். இருமல் அப்படியேதான்.

கேட்டதற்குப் பதில். முதல் பத்து ஜாக்கெட்டுக்கு நல்ல அட்டை வைத்தேன். அதோடு தீர்ந்துவிட்டது. ஆலையில் இன்று நாளை என்றார்கள். நீங்கள் தினம் ஆள் அனுப்பிக் கழுத்தைப் பிடித்தீர்கள். மீதி இருபத்தாறுக்கும் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துவிட்டேன். வெளியே பார்த்தால் எது எதென்று எனக்கே தெரியாது.

உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. உங்கள் ஓட்டுநரிடம் சொல்லித்தான் அனுப்பினேன். "அண்ணன் எப்படியும் தொட்டில போட்டுப் பாப்பாரு, பாத்ததும் திட்டித் திருப்பி அனுப்புவாரு, அதுக்குள்ள அட்டை வந்துரும்"னு. இருபது வருஷத்தில் நீங்கள் நனைக்காமல் விட்ட சரக்கு உண்டா? வண்டி கடைக்குப் போகாமல் நேரே மலைக்குப் போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த ஓட்டுநரும் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

அண்ணன் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன். சத்தமில்லாமல் சரிக்கட்டுகிற விஷயமில்லை இது. முதல் பஸ்ஸில் ஏறுங்கள். வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

மெத்தைக்காரர்


மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவர் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். காது, சீழ், கொடி, கனவு என்று ஒரே கடிதத்தில் நாலு சரக்கு இறக்கியிருக்கிறாயே! அண்ணிக்கு முழங்கால் வலியில் பொட்டுத் தூக்கம் இல்லை என்று அவளே எனக்கு எழுதியிருந்தாள். தூங்காமல் எப்படிக் கனவு கண்டாள்?

உனக்குப் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒளிக்காமல் சொல்லக்கூடாதா? அப்பா போனபிறகு என்னைச் சாலை தாண்டக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்துப் போனவன்தானே நீ. அதனால் உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். வாலுவுக்கு இப்போது ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஜாக்கெட். இவர்தான் முடிச்சுப் போடுகிறார், அவளால் அவிழ்க்க முடியாதபடி. "உங்க அண்ணனுக்கு எழுது, பொண்ண பார்சல் கட்டியாச்சுன்னு" என்றார். பார்க்க ஆரஞ்சுப் பூசணி மாதிரி இருக்கிறாள். இரண்டு இருக்கிற தைரியத்தில் துறையை விட்டு விலகிக் கறுப்புத் தண்ணீர்வரை போகிறாள். இவர் பக்கத்திலேயே நீந்துகிறார், கவலைப்படாதே. இவர் ஒருவர்தான் இங்கே நன்றாக நீந்தத் தெரிந்தவர். முகாம்காரருக்கே முழங்கால் தண்ணீருக்கு மேல் ஆகாது, வெளியே சொல்லாதே.

அவர் உன் கடிதத்தைக் காட்டினார். "சீசன்ல முப்பத்தாறையும் கட்டிக் குடுத்துட்டு நான் பிள்ளைங்களுக்குப் பூசணிக்காயா கட்டறது? நிறம் யாருக்கு வேணும், ஜூன்ல பாத்துக்கலாம்" என்கிறார்.

இப்போது நிம்மதிதானே? நன்றாகத் தூங்கு.

அன்புத் தங்கை


மே 11

அன்புத் தங்கைக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். எனக்கு உடம்பு சரியில்லை. மூன்று நாளாக நெஞ்சில் பாரம். டாக்டர் படியேறக்கூடாது என்கிறார். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் எல்லோரையும் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

கடிதம் கண்டதும் மூவரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள். மூவரும். அடுத்த ஜீப்பிலேயே. வாலுவை அவசியம் கூட்டி வா. கிளம்புகிற நாள்வரை அவளை அந்த இரண்டு ஜாக்கெட்டோடு தண்ணீரில் விடாதே. இரண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கரையிலேயே வைத்துக்கொள். காரணம் வந்ததும் சொல்கிறேன்.

உன்னைச் சின்ன வயதிலிருந்து ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அண்ணன்


மே 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை. ஏணி ஏறாதே.

இவர் இந்த ஜீப்பிலேயே கிளம்புகிறார். இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். தபாலைவிட அவர் சீக்கிரம் வந்துவிடுவார். மூன்று பேரும் வந்து உன் படுக்கையைச் சுற்றி நின்றால் இருக்கிற பாரமும் கூடிவிடும் என்று இவர்தான் சொன்னார். "நான் போய்ப் பாக்கறேன், மோசம்னா தந்தி அடிக்கறேன், நீங்க அப்ப இறங்குங்க." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தவிர வருகிற சனிக்கிழமை காலை பிள்ளைகள் எல்லோரையும் பெரிய படகில் ஏரி நடுத் தீவுக்குக் கூட்டிப்போகிறார்கள். பன்னிரண்டு பிள்ளைகள், துடுப்புப் போட இரண்டு ஆட்கள். வாலு ஒரு வாரமாக அதே நினைப்பு. வாளியைக் கண்டு அழுத பெண் ஏரி நடுவுக்குப் போகிறாள், அதைத் தடுக்க எனக்கு மனசில்லை.

தண்ணீரில் விடாதே என்கிறாய். இவர் இல்லாமல் நான் நீந்த விடமாட்டேன், சத்தியம். படகுதானே. படகிலும் இரண்டு ஜாக்கெட்டையும் நானே இறுக்கிக் கட்டி அனுப்புகிறேன்.

உன் கையெழுத்து ஏன் இப்படிக் கோணிப்போயிருக்கிறது? நிஜத்தைச் சொல், நெஞ்சு ரொம்ப வலிக்கிறதா?

அன்புத் தங்கை


மே 21, அடிவாரம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் வாலுவும் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சொல்லவேண்டியதை வரிசையாகச் சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

முந்தாநாள் மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பழப்பையோடு நேரே கடைக்கு வந்தார். நான் ஏணி மேல் நின்று கயிற்றுச் சுருளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மச்சான், நெஞ்சு வலி மேலேர்ந்து இறங்கலியா?"

நான் இறங்கினேன். "வாலு எங்க? நீங்க மட்டும் வந்தீங்களா?" என்றேன். அவர் உன் கடிதத்தைக் கொடுத்தார். படித்ததும் எனக்கு உட்காரத்தான் முடிந்தது. அவர் பழப்பையை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு பேசினோம். அரை மணியில் இருவரும் பஸ் ஏறிவிட்டோம். நேற்று இரண்டாவது பஸ் பிடித்து இன்று மத்தியானம் இங்கே வந்து சேர்ந்தோம்.

வந்தால் மழை. சாலையில் மண் சரிந்து ஜீப் போக வழியில்லை. தந்தியும் இந்த ஊரோடு சரி. தபால்காரர் ஒருவர் மட்டும் பழைய குதிரைப் பாதையில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். உடனே கிளம்பினால் சனி காலைக்குள் மேலே போய்விடுவேன் என்றார். மாப்பிள்ளையும் அவரோடு நடக்கிறார். நானும் கிளம்பிப் பார்த்தேன். அரை மைலில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன், தபால்காரர் திரும்பிப் போகச் சொல்கிறார். மாப்பிள்ளைக்கும் மலைக்கால் இல்லை, பின்தங்கிவிடுவார். அதனால்தான் பாதையோரப் பாறையடியில் ஒதுங்கி இதை எழுதி, காத்து நிற்கிற தபால்காரரிடம் கொடுக்கிறேன். அவர் திண்ணமாக முந்திவிடுவார்.

மறுபக்கம் பார்.

அந்த ஜாக்கெட்டுகள் தண்ணீரில் மூழ்கும். கால் மணி மிதக்கும், பிறகு ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்துக் கீழே இழுக்கும். முப்பத்தாறில் இருபத்தாறு அப்படி. எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு கட்டினால் இரண்டு மடங்கு இழுக்கும். ஏப்ரல் 28 முதல் எனக்குத் தெரியும். காது, கனவு, நெஞ்சு வலி எல்லாம் பொய். முகாம் கைவிட்டுப் போகும், மாப்பிள்ளை சிரிப்பார், நீ என்னை என்ன நினைப்பாய், இவ்வளவுதான் என் பயம் முதலில். இப்போது வேறு பயம்.

யாரையும் படகில் ஏற்றாதே. முகாம்காரரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்.

அண்ணன்


மே 25

அண்ணனுக்கு,

வாலு நலமாக இருக்கிறாள். நலம் என்ற வார்த்தையை எழுதுமுன் வெளியே போய் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் கடிதம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. தபால்காரர் சேறு வழிய நின்று என் கையில் கொடுத்தார். பிள்ளைகள் துறையில் வரிசையாக நிற்கிறார்கள், நான் ஒரு கையில் கடிதமும் ஒரு கையில் வாலுவின் ஜாக்கெட் நாடாவுமாக நிற்கிறேன். முதல் பக்கத்தைப் படித்தேன். நீ ஏணி மேல் நிற்கிறாய், உடம்புக்கு ஒன்றுமில்லை, இவர் நடந்து வருகிறார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. படகுக்காரர் விசில் ஊதினார். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு ஜாக்கெட்டையும் இழுத்துக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, முத்தம் கொடுத்து ஏற்றி அனுப்பினேன். கையசைத்தேன். மற்ற அம்மாக்களோடு துறையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்தேன். படகு கையளவுக்குச் சிறுத்தபிறகுதான் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

கத்த வாயைத் திறந்தேன். பிறகு கத்தக்கூடாது என்று தோன்றியது. கத்தினால் கரையில் எல்லோரும் கத்துவார்கள். பிள்ளைகள் என்னவோ என்று ஒரு பக்கமாக எழுந்து நின்று பார்ப்பார்கள். படகு சாயும். அந்த ஏரியில் போய்ப் பிடிக்கிற ஒரே மனிதர் எங்கேயோ மலைப்பாதையில் நடந்துகொண்டிருக்கிறார். வேறு படகை அனுப்பினாலும் பிள்ளைகள் எழுந்து நின்று பார்ப்பார்கள், அதே கதிதான்.

அதனால் உரித்தேன் அண்ணா. பக்கத்திலிருந்தவள், "என்னங்க, தோலைப் பாத்திரத்துல போட்டு பட்டாணியைத் தண்ணில எறியறீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் அந்தப் படகில். போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி, தீவில் எவ்வளவு நேரமோ. நடுவில் காற்று எழுந்து தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன கதைக்கெல்லாம் "அப்படியா" போட்டேன். தெரிந்துகொண்டு, வாய் திறக்காமல், சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். நீ அந்தக் கடிதங்களை எல்லாம் எப்படி எழுதினாய் என்று அப்போது தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்றுதான் எழுதுகிறேன். மன்னித்தேன் என்று எழுதவில்லை.

ஒரு மணிக்கு வந்தார்கள். பன்னிரண்டு தலையையும் எண்ணினேன். வாலுவின் முடிச்சு அவிழவில்லை. கத்தி வாங்கி அறுத்தேன். "ஏம்மா கோவமா இருக்க?" என்றாள்.

அப்புறம்தான் கத்தினேன். முகாம்காரரிடம் உன் பெயரைச் சொல்லியே சொன்னேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஒவ்வொன்றாகக் கிழித்தோம். வாலு கட்டியிருந்த இரண்டும் ஸ்பாஞ்சு. இவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார், ஒரு காலில் செருப்பில்லை. நேரே வந்து வாலுவைத் தூக்கிக்கொண்டவர் இன்னும் இறக்கவில்லை. உன்னைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் துறையின் பக்கம் அவளும் போவதில்லை. பயம் திரும்பிவிட்டது. என் முகத்தைப் பார்த்து வந்த பயம்.

இன்னொன்று. இருபத்துமூன்றில் ஸ்பாஞ்சு, பத்தில் நல்ல அட்டை. முப்பத்துமூன்றுதான் ஆகிறது. முகாம்காரர் பதிவேட்டைப் பார்த்தார். எட்டாம் குடிலில் இருந்த கால்நடை மருத்துவர் குடும்பம் பத்தாம் தேதி கிளம்பியபோது பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மூன்றை வாங்கிப் போயிருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள். இங்கிருந்து கடற்கரைக்குப் போகப்போவதாகச் சொன்னார்களாம். வீட்டு முகவரி இதனுடன்.

நாங்கள் சாலை திறந்ததும் இறங்குகிறோம். நீ அடிவாரத்தில் காத்திருக்காதே. உனக்கு வேலை இருக்கிறது.

தங்கை


ஜூன் 6

ஐயா,

உங்கள் வீட்டில் இருக்கும் மூன்று ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டும் தண்ணீரில் மூழ்கும். உங்கள் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். போட்டிருந்தால் இந்த வரியோடு கடிதத்தை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கழற்றுங்கள்.

இனி நான் யார் என்று சொல்கிறேன். ஏரி முகாமுக்கு அவற்றை விற்ற வியாபாரி நான். சோதிக்காமல் அனுப்பினேன். தெரிந்தபிறகும் மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன். மூன்றிலும் இருப்பது மெத்தை ஸ்பாஞ்சு. அதில் சந்தேகமே இல்லை, மற்றவற்றை எல்லாம் பிரித்து எண்ணியாகிவிட்டது.

இது உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். மே 28இலும் ஜூன் 1இலும் எழுதினேன், தந்தியும் அடித்தேன். பதில் இல்லை. வீடு பூட்டியிருக்கிறது என்று தந்தி திரும்பி வந்துவிட்டது. நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தக் கடற்கரை என்று தெரியவில்லை. உங்கள் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன், விடுப்பில் இருக்கிறார் என்று மட்டும் பதில் வந்தது.

கடிதத்தை நம்பி உட்கார்ந்திருக்கிற வேலையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன். அதனால் இதைத் தபாலில் போட்டதும் பஸ் ஏறுகிறேன். முதலில் உங்கள் ஊருக்கு, அக்கம்பக்கத்தில் விசாரிக்க. அங்கிருந்து கடற்கரை கடற்கரையாக. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து உங்கள் கதவைத் தட்டலாம். கொஞ்சம் பருமனான ஆள், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன்.

அப்படித் தட்டினால் உள்ளே வாங்க என்று உபசரிக்க வேண்டாம். என்னைத் திட்டவும் அவசரமில்லை, நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். முதலில் உங்கள் பிள்ளைகள் மூன்று பேரையும் வாசலுக்குக் கூப்பிடுங்கள். எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.